பேச்சு அறும் இடம்

முகமூடியை மாட்டியதும்
ரப்பர் நாறுகிறது என்பார்கள் எல்லோரும்.
வேய்யோ எதுவும் சொல்லவில்லை.

போன மார்ச்சில் இதே சைக்கிள்.
ஜன்னலில் இதே உறைந்த ஔலு ஆறு.
பதினோராம் நிமிடம் கால் நின்றுபோனது.
முப்பத்துநான்கு என்றது திரை.
புகைக்குள் நுழைய முப்பத்தாறு வேண்டும்.
அந்த இரண்டுக்காக ஓராண்டு
தீயணைப்பு வண்டி ஓட்டினான்,
மற்றவர்கள் உள்ளே போக
வெளியே நின்று குழாய் சுருட்டினான்.

மூச்சு விடாமல் பேசுகிற ஆள்.
"பனிச்சறுக்கிலும் பேசிக்கொண்டே போ,
பேச்சு அறுந்தால் வேகம் கூடுதல்" என்றேன்.
"ஐம்பத்திரண்டு வயதில் நடைவண்டியா?"
முறைத்தான்.

ஆனாலும் போயிருக்கிறான்.
மூன்று மணிக்கே இருட்டிவிடும் காட்டுப்பாதையில்
பள்ளிப் பிள்ளைகள் முந்த,
தடியூன்றிய கிழவர் ஒருவர் முந்த,
நூற்றிருபத்தைந்து துடிப்பைத் தாண்டாமல்
தோற்றுப்போன ஹாக்கி ஆட்டங்களை
நாய்க்கு விவரித்தபடி.
வியாழன் மட்டும் மேட்டில் நான்கு தடவை
நாய்க்கும் விவரம் கிடைக்காத வேகம்.

இன்று பதினோராம் நிமிடம்
வந்தது, போனது.
எச்சில் கழுத்தில் இறங்குகிறது.
முப்பத்தைந்து புள்ளி எட்டு.
முப்பத்தாறு புள்ளி மூன்று.
மறுபடி கீழே.
நான் கத்தவில்லை;
கடைசி அரை நிமிடத்தின் சராசரிதான் கணக்கு,
என் ஆசைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

கால் நின்றது.
முகமூடியைக் கழற்றினேன்.
அச்சு இயந்திரம் முனகத் தொடங்கியது.
அதன் பக்கம் திரும்பாமல்
கைப்பிடியில் நெற்றியைச் சாய்த்து
வெகுநேரம் இரைத்தான்.

பிறகு சொன்னான்:
ரப்பர் நாறுகிறது.