நாற்பத்தெட்டு

ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டியில் சயானில் ஏறி
தாதரில் மாறி போரிவலி வந்தால்
காட்டு வாசலில் ஒரு மேசை, ஒரு ரிஜிஸ்டர்,
நூலில் கட்டிய பேனா,
என்னைவிட இரண்டு அளவு பெரிய பச்சைச் சட்டை.
நெஞ்சுப் பட்டையில் என் பெயர் தேவநாகரியில்.
திலகவதி, அங்கே திலகதி.

கழிவறை டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால்.
படகு மழை முடியும்வரை இல்லை.
சின்ன ரயில் ஓடுமா என்பது
ரயிலுக்கே தெரியாது.
இல்லை மேடம், சிப்ஸ் குரங்குக்கும் ஆகாது.
சிறுத்தை தெரியுமா?
நீங்கள் அதற்குத் தெரிவீர்கள்.
கடைசிப் பதில் என்னுடையது அல்ல.
வனக்காவலர் ஜாதவ் பதினோரு வருடமாகச் சொல்கிறார்,
சொல்லி ஒவ்வொரு முறையும்
முதல்முறை கேட்டவர்போல அவரே சிரிக்கிறார்.

என் வேலை எண்ணுவது.
ஓடைப் பாதையில் போகிறவர்களை
போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை.
ஆபீஸிலும் அதுதான்.
இன்ஷூரன்ஸ் கம்பெனி, நான்காம் மாடி.
பற்றும் வரவும் ஒத்துப்போகாத அன்று
எட்டு மணிக்கு முன் லிஃப்ட் இறங்குவதில்லை.
"லீவு நாள்லயும் போய் எண்ணுறியா" என்கிறான் தம்பி,
"அதுவும் சும்மா."
சும்மா இல்லை. பதினோரு மணிக்கு ஒரு வடா பாவ் உண்டு.

ஜூலை இரண்டாம் ஞாயிறு
நாற்பத்தேழு பேர் உள்ளே போனார்கள்.
பாண்டுப்பிலிருந்து மூன்று குடையில் ஏழு பேர்,
பவாயிலிருந்து ஒரே நிறத் தொப்பியில் ஒரு கம்பெனி,
அதன் மேலாளருக்கு மட்டும் வெள்ளை ஷூ,
நண்டு பார்க்க பூதக்கண்ணாடியோடு ஒரு பையன்.
தன் பெயரை அவனே எழுதினான்,
மூன்று கட்டங்களை எடுத்துக்கொண்டு.

பத்தரைக்குத் திரும்பினார்கள்.
ஷூ இப்போது எந்த நிறமும் இல்லை.
நாற்பத்தாறு, நாற்பத்தேழு,
நாற்பத்தெட்டு.

ஒருவர் குறைந்தால் என்ன செய்வதென்று
பயிற்சியில் அரைநாள் சொல்லித் தந்தார்கள்.
விசில், வாக்கிடாக்கி, இரண்டு காவலர், ஒரு கயிறு.
ஒருவர் கூடினால் என்னவென்று
ஒரு வரி இல்லை.

மறுபடி எண்ணினேன்.
தொப்பிகளுக்கு நடுவே ஒரு தலையில் கூடை.
கூடைமேல் தேக்கிலை, இலைக்கு அடியில்
பழுபாகல், கட்டுக் கட்டாகக் கீரை.
"டாக்ளா" என்றாள், நான் பார்ப்பதைப் பார்த்து.
தகரை என்றேன் நானும் தமிழில், எதற்கென்று தெரியாமல்.
பெயர் ரக்மி பராப்.
வழக்கமாக வரும் வழியில் ஓடை ஏறிவிட்டதாம்,
ஸ்டேஷன் சந்தைக்கு நேரமாகிறதாம்.

ரிஜிஸ்டரைத் திருப்பினேன்.
உள்ளே போன நேரம்?
என் மராத்தியில்தான் பிழையோ என்று
இன்னொரு முறை கேட்டேன்.
பிழை மராத்தியில் இல்லை.
கூடையை இறக்காமலே யோசித்தாள்.
மரியாதைக்காக யோசித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.
"நான் உள்ள போகலையே" என்றாள்.
"இப்பத்தான் வெளிய போறேன்."

பெயர், ஊர், கைபேசி,
உள்ளே, வெளியே, கையெழுத்து.
ஆறு கட்டத்தில் ஒன்றிலும் அவளுக்கு இடமில்லை.
ஜாதவ் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார்,
அவங்க ஊர் உள்ளேதான், எழுதாதே என்று.
எழுதவில்லை.
இருபது ரூபாய்க்குப் பழுபாகல் வாங்கினேன்.
தராசில்லை. இரண்டு கை அள்ளிப் போட்டாள்,
பிறகு இன்னொரு அரைக் கை.

ஒரு மணிக்கு முடிய வேண்டிய என் முறை
ஏனோ அன்று முடியவில்லை.
யாரோ தொலைத்த தண்ணீர் பாட்டிலுக்கு ரசீது எழுதினேன்,
வரைபடத்துக்கு மறுபடி பசை தடவினேன்.
வாசல் சாத்தும் நேரத்தில் அவள் வந்தாள்.
காலிக் கூடையில் உப்புப் பொட்டலம்,
டார்ச்சுக்கு இரண்டு பாட்டரி.
மேசையைக் கடக்கும்போது நின்றாள்.
"இன்னும் கிளம்பலையா? இருட்டுது,
சிறுத்தை இறங்குற நேரம்.
எங்க வீட்டுக்கு வந்தவங்களையும்
இதுக்கு மேல வெளிய அனுப்ப மாட்டோம்."

என் பெயருக்கு எதிரே
வெளியே என்ற கட்டம் காலியாகத்தான் இருந்தது.
ஆறு பத்து என்று எழுதி ஓடினேன்.

அந்தேரி தாண்டும்போதுதான் பார்த்தேன்.
பைக்குள், பழுபாகல் மேலே,
நூல் அறுந்த பேனா.