வண்டிக்குள் நாற்பது நிமிடம்

புவேர்த்தோ மோன்ட்டில் மழை நின்றது என்று
யாரும் சொல்வதில்லை,
சற்று மூச்சு வாங்குகிறது என்பார்கள்.
அந்த மூச்சுக்கும் இடம் விடாத
ஆகஸ்ட் இரவு, மணி இரண்டேகால்.
சால்மன் ஆலையின் வாசலில்
வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்து,
உள்ளே போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

பனிக்கட்டி இயந்திரம் படுத்துவிட்டது என்று
காவலாளி பாரியாதான் சொன்னான்.
எலியானா கார்கமோ என்னைக் கூப்பிடவில்லை.

இரவு ஷிப்ட்டுக்கு அவள் தலைவியாகிப் பதினாறு நாள்.
நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல முடியாது.
பழைய ஆள் இடுப்பு நழுவி வீட்டில் படுத்தபோது
ஷிப்ட் அவளைச் சுற்றித் தானாகவே ஓடியது,
நான் அதைக் காகிதத்தில் ஏற்றினேன்,
அவ்வளவுதான்.

பிறகு அவளையும் இன்னும் பதினொரு பேரையும்
ஏரிக்கரை ஓட்டலுக்கு அனுப்பினோம், மூன்று நாள்.
ஜன்னல் முழுக்க எரிமலை.
சாந்தியாகோவிலிருந்து வந்த பயிற்சியாளர்
வேகாத நூடுல்ஸ் குச்சியில் கோபுரம் கட்டச் சொன்னார்,
கண்ணைக் கட்டிப் பின்பக்கம் சாயச் சொன்னார்,
'நீங்கள் எந்த விலங்கு?' என்று கேட்டார்.
சிங்கம் ஐந்து, கழுகு நான்கு, ஓநாய் இரண்டு.
எலியானா மட்டும், 'மீன் வெட்டுகிறவள்' என்றாளாம்.
'தன்முனைப்புக் குறைவு' என்றது அறிக்கை.
பில்லில் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அறிக்கையில் என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.
இருபத்திரண்டு வருடம்
அடுத்தவர் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கி
'இப்படி' என்று வெட்டிக் காட்டியவன்,
கூட்டத்தில் கேள்வியைக் கேட்டு
பதிலையும் நானே சொன்னவன்.
எனக்குக் கீழே நல்ல ஆள் வளரவில்லை என்று
இயக்குநர் குழுவில் குறைப்பட்டபோது
ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

கை அரித்தது.
கதவுப்பிடியைத் தொட்டேன், விட்டேன்.
அந்த இயந்திரத்தின் நாடி எனக்குத் தெரியும்:
மூன்றாவது வால்வில் சுத்தியலால் இரண்டு தட்டு,
பாதி நாள் அதுதான் வைத்தியம்.
உள்ளே போனால் பத்து நிமிடம்.
இயந்திரம் ஓடும்.
அவள் நின்றுபோவாள்.

ஜன்னலில் மஞ்சள் மேலங்கிகள் அசைந்தன.
நடுவில் அவள் கையை ஆட்டிப் பேசினாள்,
பிறகு பேசாமல் நின்றாள்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மன்சீயா ஏதோ சொல்ல
தலையாட்டினாள்.
நான் இருந்திருந்தால்
மன்சீயா வாயே திறந்திருக்க மாட்டான்.

இரண்டாவது வரிசையை நிறுத்தினாள்.
பக்கத்து மட்டி ஆலைக்கு லாரி விட்டு
பனிக்கட்டி கடன் வாங்கினாள்.
(ஒன்பது வருடமாக எனக்கும் அந்த முதலாளிக்கும்
முகம் கொடுத்துப் பேச்சில்லை.)
அப்படியும் நான்கு டன் போனது,
நாய்த்தீனிக்காரனுக்கு, பாதி விலைக்கும் கீழே.
வால்வைத் தட்ட அவளுக்குத் தோன்றவில்லை.
எப்படித் தோன்றும்.

காலையில் நஷ்டப் படிவம் மேஜைக்கு வந்தது.
'பொறுப்பாளர்' கட்டத்தில்
தன் பெயரை அடித்தல் திருத்தலின்றி எழுதியிருந்தாள்.
பக்கத்தில் என் பெயரை எழுதினேன்.
கட்டம் இரண்டு பேருக்குப் போதவில்லை,
நான் பாதி வெளியே நின்றேன்.

'ராத்திரி வாசலில் நின்றது உங்கள் வண்டிதானே?' என்றாள்.
'விளக்கை அணைத்தீர்கள்,
வைப்பரை மறந்துவிட்டீர்கள்.
நாற்பது நிமிடம் அது ஆடிக்கொண்டே இருந்தது.'

ஆமாம் என்றேன்.

'உள்ளே வந்துவிடுவீர்களோ என்று பயந்தேன்.'
கொஞ்சம் பொறுத்து,
'கிளம்பிப் போய்விடுவீர்களோ என்றும்.'

இழுப்பறையைத் திறந்து
சுத்தியலை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.
மூன்றாவது வால்வைச் சொன்னேன்.
அவள் அதைக் கையில் எடுத்து எடை பார்த்தாள்.
கைப்பிடியில் என் விரல் பதிந்து தேய்ந்த பள்ளத்தைப் பார்த்தாள்.
'இது எத்தனை வருடமாக
இந்த மேஜைக்குள் இருக்கிறது?' என்று கேட்டாள்.