வேலந்தாவளத்தில் ஒரு புட்டி

எருத்தேன்பதியில் ஆறுச்சாமி இன்று காலை இறக்கியது,
அரை லிட்டர்.
ஐஸ் வாங்கி வைத்திருந்தால் வம்பே இல்லை.
மறந்துவிட்டேன். பங்குனி வெயில்.

"கள்ளா?" என்றார் நஞ்சப்பன்.
"ஈஸ்ட்டுங்க சார், ஆராய்ச்சிக்கு."
"அதத்தான் கேட்டேன்."

கடிதம் காட்டினேன். துறைத் தலைவர் கையெழுத்து உண்டு,
சீல் இல்லை.
சீல் இல்லாத காகிதம் இந்தக் கம்பத்தைத் தாண்டாது என்று
பெஞ்சைக் காட்டினார்.

தக்காளி வண்டிகள் குத்து வாங்கிக்கொண்டு
கோவைப் பக்கம் நகர்ந்தன.
எனக்குச் சிரிப்பு வந்தது.
இதே வேலை புட்டிக்குள் தலைகீழாய் நடக்கிறது சார்
(இதெல்லாம் மனதுக்குள்தான்):

கோல் போல ஒரு செல். நீண்டுகொண்டே இருக்கும்.
அதைப் பிரித்துவிட வேண்டிய புரதம் எப்போதோ தயார்.
ஆனாலும் 'வீ' என்றொரு நொதி
அதன் மேல் ஒரு பாஸ்பேட்டைக் குத்துகிறது.
கடுகைக் கோடித் துண்டாய் அறுத்தாலும்
ஒரு துண்டு அதைவிடப் பெரிது.
அங்கே குத்து விழுந்தால் நில்.
இன்னும் வளர்.
உரிய நீளம் வந்ததும் வேறொரு நொதி
அந்தக் குத்தை அழிக்கும்.
அழிந்தால் புறப்பாடு:
இழைகள் இருபுறம் இழுக்க, நடுவே சுவர்.

குத்துபவன் பழுதான வகை ஒன்று எங்கள் லேபில் உண்டு.
அவசரம். பாதி வளர்த்தியிலேயே பிரிந்து
அரிசிக் குருணையாய்க் கிடக்கும்.
அழிப்பவன் பழுதானதோ
பிரியத் தெரியாமல் நீண்டு, நீண்டு,
நூலாகிச் சாகும்.
லென்ஸுக்கு அடியில் அந்த நூலைப் பார்த்த இரவு
நான் சாப்பிடவில்லை.

நாற்பது நிமிடம்.
'டப்' என்று மூடி போய்த் தகரக் கூரையில் அடித்தது.
நுரை பொங்கி, மேசை வழிந்து,
பதிவேட்டில் மூன்று லாரிகளை அழித்தது,
நேற்றைய தேதிச் சீலோடு.

நஞ்சப்பன் துண்டால் ஒற்றினார். முகர்ந்தார்.
ஒரு நொடி அதிகமாகவே முகர்ந்தார்.
"எடுத்துட்டுப் போம்மா.
அடுத்த தடவ சீலோட வா."

மிச்சம் கால் புட்டி.
பஸ்ஸில் மடியில் வைத்து
உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டேன்.
கைக்குள் சின்னச் சின்ன உந்தல்.
சாவடி தாண்டுவதற்குள்
எத்தனை பேர் குத்தழிந்து கிளம்பினார்களோ,
யாரும் எனக்கு ரசீது தரவில்லை.