சமக்குறி

ஆஸ்பத்திரி வீதியில் மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு
எதிர் மாடியில் ஆறரை வகுப்பு.
பிறேமிளா ரீச்சர் என்னிலும் பத்து வயது இளமை.
கறுப்புச் சட்டை முழுக்க வெண்கட்டித் தூசு.

"வினைச்சொல்லை அழியுங்கோ.
அந்த இடத்தில சமக்குறி போடுங்கோ.
ரெண்டு பக்கமும் ஒரே ஆளெண்டால் நிரப்பி.
வேற ஆளெண்டால் செயப்படுபொருள்."

அவள் ஒரு தாதியைச் சந்தித்தாள்.
அவள் ஒரு தாதி ஆனாள்.
ஆங்கிலத்தில் தாதி இரண்டு பேருக்கும் ஒரே சீருடை;
தமிழில்
மாட்டுக்குக் குறி சுட்டதுபோல்
ஒருத்தியின் முதுகில் மட்டும் ஓர் 'ஐ'.

பக்கத்து வாங்கில் மரியநேசன்
கொப்பியில் எழுதினான்: நான் ஒரு ஓட்டோ.
வகுப்பு சிரித்தது.
"பஸ் ஸ்ராண்டில நிண்டு பாருங்கோ ரீச்சர்,
'ஓட்டோ, கொக்குவில் போவியோ' எண்டுதான் சனம் கேக்குது.
ஒருத்தரும் பேர் கேட்டதில்லை."
ரீச்சர் சிவப்புப் பேனையைத் திறந்தா,
பிறகு மூடினா.
இலக்கணப்படி பிழையில்லை.

அடுத்தது 'குரோ'.
அப்பா புகையிலை வளர்த்தார், அப்பா கிழவர் ஆனார்,
இரண்டுக்கும் அந்த ஒற்றை வினை போதுமாம்.
அப்பாவும் புகையிலையும் ஒன்றா?
"இல்லை" என்றது வகுப்பு ஒரே குரலில்.
நான் வாய் திறக்கவில்லை.
புன்னாலைக்கட்டுவன் கிணற்றடியில்
அவருடைய சேட்டு ஊறிய தண்ணீரின் நிறம்
எனக்குத் தெரியும்.

படி இறங்கும்போது என்னையே சோதித்தேன்.
ஒருவன் என்னைக் கட்டினான்.
என்னைக் கூப்பிடுவதாகச் சொல்லிக் கனடா போனான்.
பதினொரு வருடம், அதே இடத்தில் அதே சூடு.
அவனும் நானும், நடுவில் சமக்குறி:
எப்படிப் போட்டாலும் பொருந்தவில்லை.

நான் மருந்தாளர்.
இதை ஆங்கிலத்தில் சொல்ல
நடுவில் ஒரு வினையை நட்டே ஆகவேண்டும்.
தமிழில் வினையும் வேண்டாம், குறியும் வேண்டாம்;
இரண்டு சொல்லும் அருகருகே இருந்தால்
வாக்கியம் நிற்கிறது.
இத்தனை நாளும்
இதை நான் ஒரு தடவைகூட உரத்துச் சொன்னதில்லை.

கடைசி பஸ் போய்விட்டது.
மூலையில் முன்விளக்கு எரியாத ஒரு வாகனம்.
"மரியநேசன், இணுவில் போவீங்களோ?"
சடாரென்று திரும்பிப் பார்த்தான்.
கூலியில் ஒரு ரூபா குறைக்கவில்லை.