துளை மாதிரி

சூளைமேடு. தரையோடு மூன்று மாடி, பன்னிரண்டு வீடு.
"அன்ஃபிட்னு ஒரு வரி எழுதுங்க மேடம், போதும்"
என்றார் பில்டரின் ஆள். காபி வேறு வாங்கித் தந்தார்.

தூண் தூணாகச் சுத்தியல் வைத்தேன்.
எழுபத்தாறில் கொட்டிய கான்கிரீட்
ஒவ்வொரு தட்டுக்கும் திருப்பித் தட்டியது.
சன்ஷேடில் துரு. மொட்டைமாடித் தொட்டிக்கடியில் கசிவு.
சொத்தைப் பல்லுக்குத்
தலையையா எடுப்பார்கள்?

இடிக்கலாம் என்று கையெழுத்திட்டவர்களில்
மூன்றாம் மாடி மெஹருன்னிசாவும் ஒருவர்.
ஏன் என்றேன்.
முழங்காலைக் காட்டினார்.
ஐம்பத்தேழு படி.
ஐந்து மாதமாகத் தெருவை மேலிருந்தே பார்க்கிறார்;
கயிற்றில் கூடை போகிறது, கூடை வருகிறது.

அவர் கேட்டது புது வீடல்ல, ஒரு லிஃப்ட்.

பின்சுவரை ஒட்டி, உடைந்த சைக்கிள்கள் கிடக்கும் இடம்
ஆறடிக்கு ஆறடி. அளந்துவிட்டேன்.
இரும்பில் இன்னொரு மாடி எழுப்பினால்
அஸ்திவாரம் தாங்கும்.
அதை விற்ற காசில் லிஃப்ட், தொட்டி, சன்ஷேடு,
கொஞ்சம் பெயின்ட்டும்.

கூட்டத்தில்
துளைத்தெடுத்த கான்கிரீட் உருளையை மேசைமேல் வைத்தேன்.
பில்டரின் ஆள் ஒரு கையால் தூக்கப் பார்த்து
மறுகையையும் கொடுத்தார்.

இடிக்க ஆறு ஓட்டு. வேண்டாம் என்று ஐந்து,
மெஹருன்னிசாவையும் சேர்த்து.
பன்னிரண்டாவது வீட்டுக்காரர் மஸ்கட்டில்.
மணி அடிக்கிறது,
இன்னும் எடுக்கவில்லை.