ஞாயிறு யாருக்கு

பென்ட்டே இரண்டு பேனாக்களை மேசையில் வைத்தாள்.
நீலத்தை ஹோவார் எடுத்துக்கொண்டான்.
ஆரஞ்சு எனக்கு மிஞ்சியது.
பன்னிரண்டு மாதமும் அச்சிட்ட ஒரே தாள்,
ஃபிளாஸ்க்கில் காப்பி,
பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த டிஷ்யூ,
எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் விட்டுப்போன
நாற்காலிச் சூடு.

கேள்வி ஒன்றுதான் என்றாள்:
எஸ்கில் எந்த இரவு எங்கே தூங்குவான்?

ஹோவார் நடுக்கடல் எண்ணெய் மேடையில் எலக்ட்ரீஷியன்.
இரண்டு வாரம் கடல், நான்கு வாரம் கரை.
கடல் வாரங்களை யாரையும் கேட்காமல் ஆரஞ்சாக்கினேன்.
கரையில்தான் சண்டை.
ஏழு வயதுப் பையனின் வருடத்தை
இரண்டால் வகுத்தால்
மீதி ஒன்று வரும் என்பது
அன்றுதான் உறைத்தது.

கிறிஸ்துமஸ் ஒற்றைப்படை வருடம் எனக்கு,
இரட்டைப்படை அவனுக்கு.
பிறந்தநாள் அதற்கு நேர்மாறு.
பல் விழுந்தால்
அன்றிரவு எந்த வீட்டில் இருக்கிறானோ
அந்த வீட்டுத் தண்ணீர் டம்ளரில் போடுவது;
விடிந்தால் டம்ளரில் கிடக்கும் காசும்
அந்த வீட்டுச் செலவு.
இதையெல்லாம் பென்ட்டே சிரிக்காமல் எழுதினாள்.
பனி உடை வீட்டுக்கு ஒன்று.
கம்பளி உள்ளாடை பையனோடு போகும், பையனோடு வரும்.
கையுறை என்றதும்
இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டோம்.

ஞாயிறு? என்றாள்.
மாலை ஐந்து மணிக்குக் கைமாற்றலாம் என்றேன்.
அந்த ஞாயிறு இல்லை என்றான் ஹோவார்.
ஜனவரி இருபத்தொன்று.

வெளியே நண்பகல். தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.
நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போனது
திரும்பி வரும் நாள்.
ட்ரோம்சோவில் அன்றைக்குப் பள்ளிக்கூடமே வெளியே வந்து நிற்கும்.
ஜாம் வைத்த பன் கொடுப்பார்கள்.
மலையிடுக்கில் ஒரு விளிம்பு தெரிந்தால் போதும்,
பிள்ளைகள் கத்துவார்கள்.
மூன்று வயதில் எஸ்கில் அதைப் பார்த்து
"யாரு?" என்று கேட்டான்.
என்ன என்று கேட்கவில்லை. யாரு.
கேட்டபோது தன் தோளில் இருந்தான் என்று ஹோவார் சொன்னான்.
என் தோளில் என்று நான் சொன்னேன்.
அரசாங்கம் தந்த ஒரு மணி நேரத்தில்
நாற்பது நிமிடம்
அந்தத் தோளுக்கே போனது.

எவ்வளவு நேரம் தெரியும்?
பென்ட்டே தெற்கிலிருந்து வந்தவள், இங்கே இதுதான் முதல் குளிர்காலம்.
நாலு நிமிடம் என்றோம். மேகம் இல்லாவிட்டால்.
அவள் பேனா மூடியைக் கடித்தாள்.
ஆளுக்கு இரண்டு என்று எழுதிவிடுவாளோ.
ஹோவாரைப் பார்த்தேன்.
அவன் முகத்திலும் அதே பயம்.
சிரித்துவிட்டோம்.
பிறகு நான் மட்டும் டிஷ்யூவை இழுத்தேன்.

வகுத்து மிஞ்சிய அந்த ஒன்றை
இரண்டு பேனாவாலும் தீட்டினோம்.
நீலத்தின் மேல் ஆரஞ்சு:
தாளில் ஓர் அழுக்குப் பழுப்புக் கட்டம்.
ஏழாவது பிரிவு, இருவரும் வரலாம்.
கையெழுத்தில் இன்னும்
அவன் குடும்பப் பெயர்தான் என் கைக்கு வந்தது.

நாள் வந்தது. மேகமும் வந்தது.
வேலியோரம் நான்,
கொடிமரத்தடியில் அவன்.
எஸ்கில் தன் பன்னையும் யாருடையதோ இன்னொன்றையும் தின்று
தாடையில் ஜாமோடு
மலையைப் பார்த்து எல்லோரோடும் கத்தினான்.
அங்கே ஒன்றும் இல்லை.
ஒருத்தரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

நீல வாரம். அவனோடு போய்விட்டான்.
பஸ் நிறுத்தத்தில் கோட்டுப் பைக்குள் கை விட்டால்
ஒரு கையுறை. இடது.
புதன்கிழமைதான் போன் செய்யலாம், நான்காவது பிரிவு.
கையுறை பற்றி அதில் எதுவும் இல்லை.
மூன்று விரல்தான் உள்ளே போயிற்று.
அப்படியே நின்று
பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.