பதினான்காம் பக்கத்து ஆடு

மூலனூர் தாண்டிப் பேருந்து என்னை இறக்கிவிட்டபோது
பையில் இருந்தவை:
வெளிவந்து நாற்பது நாளான என் புத்தகம், பத்துப் பிரதி.
அது புத்தகமாவதற்கு முன்பிருந்த கந்தல், ஒரு கட்டு.
தேய்ந்து சுண்டைக்காய் அளவுக்கு வந்துவிட்ட அழிப்பான்.

ஐந்தாம் வகுப்பு, முப்பத்தோரு பேர்.
"படம் போடுற அக்கா வந்திருக்காங்க" என்றார் பிரேமகுமாரி டீச்சர்,
தண்ணி லாரி வந்திருக்கு என்பதைப் போல.

கந்தலைத்தான் முதலில் பிரித்தேன்.
ஒரு தாளை மடித்து, மடித்து, மறுபடி மடித்து
விளிம்பை வெட்டினால் பதினாறு பக்கம்.
அதில் நகத்தளவு ஆடுகள்.
வண்ணமில்லை, கண்ணில்லை,
எங்கிருந்து எங்கே ஓடுகின்றன என்பது மட்டும்.

"நடுவுல கோடு எதுக்குங்க்கா?"
தையல் விழும் இடம்.
அங்கே யார் முகத்தையும் வைக்கக் கூடாது.
நான் ஒருமுறை வைத்தேன்.
ஒரு சிறுமியின் மூக்கு
மடிப்புக்குள் போனது போனதுதான்.

முப்பத்தோரு பேரும்
தங்கள் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு இட்டேரி.
அதை ஒன்பது முறை வரைந்தேன்.
வெயிலுக்கு மஞ்சள் பூசினேன், பொய்யாக இருந்தது.
தாளின் வெள்ளையை அப்படியே விட்டு
நிழலுக்கு மட்டும் ஊதா வைத்தேன்,
அப்போதுதான் சுட்டது.

"நெழலு கருப்புத்தானுங்களே?"
முதல் பெஞ்சில் நிதர்சனா.
ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொன்னேன்.
பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.
"கருப்புத்தானுங்க."

பதினான்காம் பக்கம்.
எனக்கு நெம்பப் பிடித்த பக்கம்.
கிளுவை வேலியோரம்
வெள்ளாடு ஒன்று குனிந்து மேய்கிறது.

கடைசி பெஞ்சிலிருந்து கை வரவில்லை, சிரிப்பு வந்தது.
"இது வெள்ளாடுங்ளா, செம்மறிங்ளா?"
பெயர் சபரீசன்.
அப்பா கன்னிவாடிச் சந்தையில் ஆடு பிடிக்கிறவர்.
"வெள்ளாடு எங்கீங்க குனியுது?
செம்மறிதானுங்க தலையத் தொங்கப் போட்டுட்டே போவும்.
வேலியக் கண்டா வெள்ளாடு ஏறுமுங்க."

மூன்றாவது மாடியில் உட்கார்ந்து வரைந்தது அது.
போனில் அறுபது ஆடுகளைப் பார்த்துத்தான் வரைந்தேன்.
எல்லாம் ஏதோ புல்வெளி தேசத்து ஆடுகள்,
குனியாமல் என்ன செய்யும் அவை?
அச்சடித்தது இரண்டாயிரம்.
இரண்டாயிரம் ஊர்களில்
செம்மறி மனசோடு குனிந்துகொண்டிருக்கின்றன
என் வெள்ளாடுகள்.

"எப்படி ஏறும்?"

அவனுக்குச் சொல்ல வரவில்லை.
எழுந்து போய்
பீரோமேல் முன்கைகளை ஊன்றி
குதிகால் தூக்கி, கழுத்தை எக்கி
மேல்தட்டு வருகைப் பதிவேட்டின் நூலை
உதட்டால் இழுத்தான்.

அசையாதே என்றேன்.
"ஆடு அசையுமுங்க" என்றான் நூலோடு.

அசைந்தான். வரைந்தேன்.
வகுப்பு மொத்தமும் என் தோளுக்குப் பின்னால்,
காதில் மூச்சு, முதுகில் முழங்கை.
"காலு கோணையாட்ட இருக்குதுங்க."
அழித்தேன்.
"இப்ப ஆடாட்ட இல்ல, சபரியாட்ட இருக்குது."
இருக்கட்டும். முதலில் அவன் வரட்டும்,
ஆடு அப்புறம் வரும்.
"எத்தன நாளாகுமுங்க?"
சில சமயம் ஒரு மாசம்.
"ஒரு மாசத்துல எங்கப்பா நூறு ஆடு வித்துருவாருங்க."

மணி. தட்டுகளின் சத்தம்.
தரையெல்லாம் அழிப்பான் துகள்.
நான்கு தாள்களில் மூன்றை
யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

மிஞ்சிய ஒன்றை வைத்துத்தான்
மறுபதிப்புக்குப் புதுப்பக்கம் அனுப்பினேன்.
நிழல் ஊதாதான்.
வேலிக்கு அடியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும்
கருப்பு வைத்துப் பார்த்தேன், நிதர்சனாவுக்காக.
அங்கே நன்றாகத்தான் இருந்தது.

பதிப்பகத்திலிருந்து போன்.
எல்லாம் சரி மேடம்,
ஆட்டு நெஞ்சுல வட்டமா ஒண்ணு,
சட்டைப் பொத்தான் மாதிரி.
எடுத்துடலாமா?

ஆடு ஏறுதா, என்று கேட்டேன்.

ஏறுது மேடம்.

அப்ப விட்டுருங்க.